தீக்குச்சி வைத்த துளை

முதல் நாளே உங்களுக்கு அந்தக் கண்ணாடி அறையைக் காட்டியிருப்பார்கள். ஹாலின் கடைசியில் இருக்கும். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்பீக்கர் பெட்டி, முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூல். பதினோரு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான்.

"புதுசா செக்கிங்குக்கு வந்திருக்காக. அவுகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று நம் முதலாளி சின்ன அண்ணாச்சி கேட்டார். கிட்டாரை எப்படிச் சுருதி சேர்ப்பது, கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. சுவரில் ஒட்ட முடியாததை எழுதுகிறேன்.

அந்த அறைக்குள் போனதும் சத்தம் இல்லாததுதான் முதலில் தெரியும். கம்பி எங்கே அதிர்கிறது, எங்கே உரசுகிறது என்று காதால் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே ரேடியோ ஓடும், சிரிப்பார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடிப்பாள். உங்களுக்குக் கண்ணாடி வழியாக வாய் அசைவது மட்டும்தான் தெரியும். நம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். நீங்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கிட்டாரும் வெளியே இருக்கும் யாரோ ஒருவர் மறுபடி செய்ய வேண்டிய வேலை. மத்தியானம் சாப்பாட்டு வாளியோடு நீங்கள் போய் உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். இதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நாம் செய்வது விலை குறைந்த கிட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் கிட்டாரின் பாடி மலைவேம்பு மரம். மூன்று நான்கு துண்டுகளை ஒட்டி, மேலே தடிமனாகப் பெயிண்ட் அடித்து மறைக்கிறோம். அப்படி ஒட்டியதால் வாசிப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதுகுப்பக்க மூடி மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்கலாம். பெயிண்டில் கடுகளவு ஒரு புள்ளி இருக்கலாம். நான் அதையெல்லாம் விட்டிருக்கிறேன். ஆனால் கை படுகிற இடமும் எடை தாங்குகிற இடமும் வேறு கணக்கு. அங்கே விலை குறைவு என்ற பேச்சே வரக்கூடாது. இதை நான் இரண்டு தடவை தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் தப்பு சேர்ந்த வருடமே நடந்தது. கிட்டாரின் கழுத்தான நெக் நமக்குக் கப்பலில் வருகிறது. ஈரக்காற்றில் பல வாரம் கிடந்துவிட்டு இங்கே இறங்குகிறது. நம் ஊர் வெயில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நல்லது, அந்த மரத்துக்கு ஆகாது. மரம் சுருங்கும், அதில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கம்பி சுருங்காது. சுருங்கின மரத்தின் ஓரத்தில் கம்பி முனை மயிரிழை அளவுக்கு வெளியே நீட்டும். நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு கிட்டார் திரும்பி வந்தது. நெக்கின் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, காய்ந்த ரத்தம் கோடு போட்டிருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் விருதுநகரிலிருந்து ஒருவர் வந்து நம் கிட்டார்களை வாசித்துப் பார்த்துவிட்டுப் போவார். அதிகம் பேச மாட்டார். அந்த நெக்கை என்னிடம் கொடுத்து, "தடவிப் பாருங்க" என்றார். தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். இருபது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டி, குச்சி அடுக்கிக் காய்த்துப்போன கை. "உங்க கைக்குத் தெரியாதுங்க. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லி, ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நெக்கின் ஓரமாக இழுத்தார். ஏழு இடத்தில் பஞ்சு மாட்டியது. அன்றிலிருந்து என் மேசையில் பஞ்சு இருந்தது. உங்கள் கை எதை உணராது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது தப்புதான் நான் சொல்ல வந்தது. அதற்கு முன் பேச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேச்சியும் நானும் மல்லாங்கிணற்றில் ஒரே தெரு. தீப்பெட்டி ஆபீஸுக்கும் சேர்ந்தே போனோம். கிட்டார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சேர்ந்தே மனுப் போட்டோம். அவளை அசெம்ப்ளியில் போட்டார்கள், என்னைச் செக்கிங்கில் போட்டார்கள். கம்பியை முறுக்கும் ட்யூனர், கம்பி உட்காரும் பிரிட்ஜ், தோளில் மாட்டும் பெல்ட்டுக்கான குமிழ் எல்லாம் அவள் கையால்தான் ஏறும். நான் கண்ணாடி அறைக்குப் போன பிறகும் மத்தியானம் என்னோடு சாப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

"இங்கன வந்து உக்காருடி முத்து. அவளுக பேசுனா பேசிட்டுப் போகட்டும்" என்று பக்கத்தில் இடம் தட்டிக் காட்டுவாள். அவள் வேலையை நான் திருப்பி அனுப்பினாலும் கோபப்பட மாட்டாள். "ஓம் புண்ணியத்துல இன்னொருக்கா பழகிக்கிடுறேன்" என்பாள்.

நான் சேர்ந்த ஐந்தாவது வருடம், தீபாவளிக்கு முந்தின மாதம். உங்களுக்குத் தெரியும், சீசன் வந்தால் நம் ஆட்களில் பாதிப் பேர் பட்டாசுக்குப் போய்விடுவார்கள். நமக்கோ கிறிஸ்துமஸ் ஆர்டர் அப்போதுதான் கிளம்ப வேண்டும். துளை போடும் மெஷினில் நின்றவரும் போய்விட்டார். அவர் இடத்தில் புதிதாக ஒருவர் நின்றார். மூன்று மணிக்கு லாரி.

அன்றைக்கு மத்தியானம் ஒரு கிட்டாரின் பெல்ட் குமிழை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்டிக்கர் ஒட்டப் போனவள், குமிழுக்குக் கீழே இருந்த வட்டத் துணியின் ஓரத்தில் ஒரு சிலும்பைப் பார்த்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால் மரத்தூள் என்று ஊதியிருப்பார்கள். எனக்கு அது என்னவென்று தெரியும். திருப்புளியால் குமிழைக் கழற்றினேன். துளைக்குள் இரண்டு தீக்குச்சி.

துளை பெரிதாகிப் போனால் குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து ஸ்க்ரூ ஏற்றுவது எல்லா ஊரிலும் செய்கிற ரிப்பேர்தான். பழைய கிட்டாரில் அது தப்பே இல்லை. நல்ல குச்சியாக இருக்க வேண்டும், பசை ஒரு நாள் காய வேண்டும். இது தலை ஒடித்த தீக்குச்சி. டீ போடும் இடத்தில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தது. எரிவதற்காக அதில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். மெழுகு ஏறின குச்சியில் பசை பிடிக்காது. தீப்பெட்டி ஆபீஸில் இருந்து வந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அந்தக் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சியிடம் போனேன்.

"என்னடி இது?"

அவள் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த குமிழைத் திருகிக்கொண்டே சொன்னாள். "ஓட்டைய பெருசாப் போட்டுட்டாகடி. ஸ்க்ரூ சும்மா சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. சூப்பர்வைசருகிட்டப் போயிச் சொன்னேன். எப்பிடியாச்சும் முடிச்சு விடுங்கக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

"மெழுகு இருக்கேடி இதுல."

"தெரியும்."

"எம்புட்டு இருக்கு?"

"காலையிலருந்து வந்தது அம்புட்டும். நாப்பது இருக்கும்." இப்போது நிமிர்ந்தாள். "இழுத்துப் பாத்தியா? வந்துச்சா?"

"வரல."

"அப்பறம் என்ன? போன மாசந்தான் ட்யூனர் கோணலா இருக்குன்னு எங்கிட்ட எழுதி வாங்கிருக்காக. இதையும் எம்பேருல எழுதுனா நாளைக்கு என்னைய வர வேண்டாம்பாக. நீயே எழுதப் போறியா?"

நான் திரும்பி நடந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். குமிழை மறுபடி மாட்டினேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். நாற்பதிலும் ஒட்டினேன். மூன்று மணிக்கு லாரி லோடு ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் பேச்சி எனக்கென்று கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து, ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் காரியாபட்டியிலிருந்து பஸ் மாறி வந்து கம்பெனி வாசலில் நின்றார்கள். போர்வையில் சுற்றி ஒரு கிட்டார். என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். போர்வையைப் பிரித்தபோது நெக்கின் தலை ஒடிந்து, கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. சர்ச்சில் பாடிக்கொண்டிருக்கும்போது தோளிலிருந்து அப்படியே கழன்று காலில் விழுந்துவிட்டதாம். பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தாள். நர்சிங் படிக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார்.

சூப்பர்வைசர், "கீழ போட்டுட்டு வந்து சொல்லுவாங்க அண்ணாச்சி, நமக்குத் தெரியாததா" என்று மெதுவாகச் சொன்னார். அது அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது. ஆனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, நான்தான் பெல்ட்டத் தப்பா மாட்டிட்டேனாக்கா? போன்ல வீடியோ பாத்துத்தான் மாட்டுனேன்."

நம்மிடம் கிட்டார் வாங்குகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். இது அவர்களுக்கு முதல் கிட்டார். சுருதி நிற்காவிட்டால் தனக்குக் காது சரியில்லை என்று நினைப்பார்கள். கம்பி உயரமாக நின்று விரல் வலித்தால் தன் விரலுக்குப் பலம் போதவில்லை என்று நினைப்பார்கள். விலை உயர்ந்ததை வாங்குகிறவர் கடைக்காரரிடம் சண்டை போடுவார். நம்மிடம் வாங்குகிறவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு, ஒரு நாள் அதைப் பரண்மேல் போட்டுவிடுவார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது இதை மறக்காதீர்கள்.

சின்ன அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க பாத்துத்தான ஸ்டிக்கர் ஒட்டுனீக?"

"பாத்தேன். தெரிஞ்சுதான் விட்டேன்" என்றேன். துளைக்குள் தீக்குச்சி இருந்ததையும் மெழுகுக் குச்சியில் பசை பிடிக்காது என்பதையும் சொன்னேன். "உன் தப்பு இல்லம்மா, எங்க தப்பு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"குச்சிய வச்சது யாரு?"

"பேச்சி."

அந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். பேச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்றாள். உடைந்த கிட்டாரைப் பார்த்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேற்கொண்டு ஏதோ சொல்லப் போகிறேன் என்பது போல, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் சொல்லவில்லை. துளையைப் பெரிதாகப் போட்டது அவள் இல்லை, அவள் போய்ச் சொல்லியும் சூப்பர்வைசர் லைனை நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் வாய் வரவில்லை என்று பின்னால் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். பயம் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு மனசு லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், இனி அந்தப் பாரம் இல்லை என்று இருந்தது. உண்மையைச் சொன்ன நிம்மதி, பாதி உண்மையைச் சொன்னாலே வந்துவிடுகிறது. அதை நம்பாதீர்கள்.

மறுநாளிலிருந்து பேச்சியை வர வேண்டாம் என்றார்கள். கடைகளுக்குப் போன கிட்டார்களைத் திரும்ப வரவழைத்து, துளையில் கெட்டி மரத்தில் முளை அடித்து, மறுபடி துளைபோட்டு அனுப்பினோம். காரியாபட்டிப் பெண்ணுக்கு ஒரு புதுக் கிட்டார் கொடுத்தார்கள். அதை நான்தான் எடுத்து வைத்தேன், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்துவிட்டு. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நேர்மையாக ஒத்துக்கொண்டேன் என்று ஹாலில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். யாரும் கை தட்டவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை அந்த அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கம்பி உரசுவதைக் கேட்கக் கட்டின அறையில் நாம் மெல்லும் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். சில நாள் சாப்பிட்டு முடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டு ஒரு கம்பியைத் தட்டிவிடுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக.

பேச்சி ஒரு பட்டாசு ஆபீஸில் பேக்கிங்குக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். தெருவில் எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவாள். திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். திட்டவில்லை.

அடுத்த வருடம் அதே சீசன். அதே மாதிரி ஆள் குறைச்சல். துளை போடும் மெஷினில் வேறொரு புது ஆள். காலையில் வந்த முதல் கிட்டாரிலேயே குமிழ் ஆடியது. இந்தத் தடவை நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஹால் முழுக்க நடந்து மெஷினுக்குப் போனேன். அங்கே ஒரே தகர டப்பாவில் சின்னத் துளைக்கான பிட்டும் பிரிட்ஜுக்கான பெரிய பிட்டும் ஒன்றாகக் கிடந்தன. எது எது என்று அடையாளம் இல்லை. புதிதாக வருகிறவர் எதை எடுப்பார்? கையில் வந்ததைத்தான்.

"மெஷின நிறுத்துங்க" என்றேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அக்கா, லோடு நிக்குது. லாரிக்காரர் சத்தம் போடுறாரு."

"நிக்கட்டும் தம்பி. போன வருசம் நிக்காமப் போனதுனாலதான் ஒருத்திக்கு வேல போச்சு."

சின்ன அண்ணாச்சியிடம் நானே போனேன். இரண்டு பிட்டையும் அவர் மேசைமேல் வைத்தேன். போன வருடம் விட்டதை எல்லாம் அன்றைக்குச் சொன்னேன். பேச்சி முதலிலேயே சொன்னதையும், கேட்காமல் விட்டதையும்.

அவர் பிட் இரண்டையும் விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "இத ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"யாரு வச்சதுன்னு கேட்டீக. அதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டேன்."

இன்றைக்கு நீங்கள் அங்கே பார்க்கிற சிவப்பு, பச்சை பெயிண்ட் அடித்த பிட் அன்றைக்கு வந்ததுதான். நீங்கள் எழுதும் ரிஜெக்ட் சீட்டில் குறை என்ன என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே, குறை எங்கே ஆரம்பித்தது என்று இன்னொரு வரி இருக்கும். அந்த இரண்டாவது வரியை நான் கேட்டு வாங்கினேன். அதை நிரப்பாமல் சீட்டைக் கொடுக்காதீர்கள். அதை நிரப்ப ஸ்டூலை விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கும். எழுந்திருங்கள்.

பேச்சியைத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சின்ன அண்ணாச்சி சொன்னார், கூப்பிட்டார். அவள் வரவில்லை. பிடிவாதக்காரி, அவள் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே இன்னும் ஐந்து வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு, போன மாதம் ஒரு நாள் காலையில் விருதுநகருக்குக் கண் காட்டப் போவதற்காக மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பேச்சி வந்தாள். வேறு யாரும் இல்லை. தள்ளிப் போய் நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

"கம்பெனிய விட்டு நின்னுட்டியாம்ல" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"ஆமாடி. கண்ணும் தெரிய மாட்டேங்குது."

நான்தான் ஆரம்பித்தேன். "பேச்சி, நான் அப்பறம் அண்ணாச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. ஓட்டை போட்டது நீயில்ல, நீ மொதல்லயே சொன்னன்னு."

"தெரியும். ஆபீஸ்லருந்து ஆளு வந்தாக. திரும்ப வேலைக்கு வரச் சொல்லிப் பேப்பரெல்லாம் கொண்டாந்து குடுத்தாக. எல்லாஞ் சொன்னாக."

"பெறகு ஏன்டி வரல?"

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நாலு வீடு தள்ளித்தான இருக்க. நீ வந்து கூப்புடுவன்னு இருந்தேன்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நானும் போக வேண்டிய பஸ்தான் அது, நான் ஏறவில்லை.